பல் படத்தில் ஒரு கறுப்பு நிழல்

"ஆன்ட்டி, இங்க பாருங்க, கறுப்பா இருக்குதில்ல? சொத்தை உள்ளே போயிடுச்சு. ரூட் கேனல் செய்யணும்." தேக்காவிலோ தெம்பனிசிலோ ஈசூனிலோ, சிங்கப்பூரின் எந்தப் பல் மருந்தகத்திலும் நாள்தோறும் கேட்கக்கூடிய பேச்சு இது. மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லி, உதவியாளர் தமிழில் சொன்னாலும் இதே மூன்று வாக்கியம்தான். நாற்காலியில் சாய்ந்து கிடப்பவருக்கு வாய் திறந்தபடி இருக்கும். தலையை ஆட்ட மட்டுமே முடியும். பத்து நொடியில் முடிந்துவிடும் இந்தப் பேச்சுக்குள் மூன்று தனித்தனிக் காரியங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. படத்தில் ஓரிடம் கறுத்திருக்கிறது என்பது கண்டது. அது சொத்தை என்பது கருதுவது. வேர் சிகிச்சை வேண்டும் என்பது தீர்மானித்தது. கண்டதை அருகில் நிற்கும் எவரும் சரிபார்க்கலாம். கருதுவது மருத்துவரின் பயிற்சியையும் மற்றச் சோதனைகளையும் பொறுத்தது. தீர்மானத்திலோ நோயாளியின் வயது, கையிருப்பு, விருப்பம் எல்லாமே சேர வேண்டும். பல் எக்ஸ்ரேயை விவரிப்பது என்றால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது. பிரிக்காத பேச்சு எவ்வளவு சரியான சிகிச்சையில் போய் முடிந்தாலும் அது அரைகுறை விவரிப்புதான் என்பது என் வாதம்.

முதலில், திரையில் தெரிவது என்ன வகைப் படம்? ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பரில் புதுக் கதிர் ஒன்றைக் கண்டார். செய்தி வெளியுலகுக்குத் தெரிந்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தம் வாய்க்குள் தகடு ஒன்றைச் செருகிக்கொண்டு 25 நிமிடம் அசையாமல் கிடந்து தம் பற்களைத் தாமே படமெடுத்தார். இன்று அதே காரியம் ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிகிறது. தகடு போய் சென்சார் வந்துவிட்டது. ஆனால் அன்றும் இன்றும் படத்தில் விழுவது நிழல்தான். கதிரை அதிகம் தடுத்தது வெளுப்பாகவும், தடுக்காமல் விட்டது கறுப்பாகவும் தெரியும். பல்லின் மேலுறையான எனாமலில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். ஆகவே அது பளிச்சென்ற வெள்ளை. அதனடியில் உள்ள டென்டினில் சுமார் 70 விழுக்காடு, அது சாம்பல். நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் பற்கூழ் மென்மையானது; அது கறுப்பு. வேரைச் சுற்றி முடியிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடும். பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்கள் இருக்கும் இடம் அது. அதற்கும் வெளியே எலும்பின் மெல்லிய வெள்ளைக் கோடு. இந்த இரண்டு கோடுகளும் அறுபடாமல் வேர்நுனியைச் சுற்றி வருகின்றனவா என்று தேடுவதற்குத்தான் பயின்ற கண் முதலில் பழகியிருக்கும்.

கண்டதைச் சொல்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எந்தப் பல் என்று சொல்ல வேண்டும். உலகின் பெரும்பகுதியைப் போலச் சிங்கப்பூரிலும் இரட்டை இலக்க முறை வழங்குகிறது. முதல் எண் வாயின் கால்பகுதியைக் குறிக்கும். இரண்டாவது, நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதைக் குறிக்கும். கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் 36. அதை முப்பத்தாறு என்று படிக்கக் கூடாது. மூன்று-ஆறு என்றுதான் சொல்வார்கள். நோயாளியை எதிரே நின்று பார்ப்பதுபோலப் படம் காட்டப்படுவதால் அவருடைய வலப்பக்கம் திரையில் இடப்பக்கமாக இருக்கும். தவறான பல்லைப் பிடுங்கும் அவலம் நேர்வதற்கு இடவலக் குழப்பமும் ஒரு காரணம் என்பதால் இது வெறும் சம்பிரதாயமில்லை. பிறகு நிழல் பல்லில் எங்கே, எவ்வளவு பெரிது, என்ன வடிவம், விளிம்பு கீறி வரைந்ததுபோலத் தெளிவாக உள்ளதா, மங்கிக் கரைகிறதா, பக்கத்து வேரை அரித்திருக்கிறதா, தள்ளியிருக்கிறதா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இத்தனையிலும் நோயின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் கண் அதற்கேற்றதை மட்டும் பொறுக்கத் தொடங்கிவிடும்.

பெயரைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு வலுவான காரணம், ஒரு நோயும் இல்லாத வாயிலும் கறுப்பு நிறையவே இருப்பதுதான். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் நரம்பு தாடையெலும்பிலிருந்து வெளிவர ஒரு துளை உண்டு. அது பெரும்பாலும் முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கு அருகில் இருக்கும். படத்தில் அந்த வேர்நுனியின் மேலேயே விழுந்துவிட்டால், சீழ்க்கட்டி போலவே ஒரு கறுப்பு வட்டம் தெரியும். வேரைச் சுற்றிய வெள்ளைக் கோடு அறுபடாமல் இருந்தால் அது துளை. கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தால் வட்டம் வேரைவிட்டு நகர்ந்தும் போகும். இன்னொன்று, பல்லின் கழுத்துப் பகுதி. எனாமல் முடிந்து எலும்பு தொடங்குவதற்கு முன் உள்ள அந்தக் குறுகிய பட்டையில் கதிரைத் தடுக்கப் பொருள் குறைவு. ஆகவே அங்கே பல்லின் ஓரம் கறுத்துக் காட்டும். பற்களுக்கிடையில் வரும் சொத்தையோ சற்று மேலே, இரு பற்களும் தொட்டுக்கொள்ளும் புள்ளிக்குக் கீழே தொடங்கும். எனாமலில் முக்கோணமாக, அடி வெளியிலும் முனை உள்ளேயுமாக இறங்கி, டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். கழுத்துக் கறுப்பையும் சொத்தையையும் பிரிப்பது சில மில்லிமீட்டர் இடவேறுபாடும் வடிவமும்தான். "கறுப்பா இருக்குது" என்று மட்டும் சொல்வதில் அந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: படத்தில் கறுப்பில்லை என்பதால் நோயில்லை என்றும் ஆகிவிடாது. தாதுப்பொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கரைந்த பிறகே சொத்தை சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படும் என்பது பாடநூல்கள் ஒப்பும் கணக்கு. ஐ. பி. பெண்டரும் சாமுவேல் செல்ட்ஸரும் 1961இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இன்னும் கலக்கமானது. தாடையெலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியில் மட்டும் குழி விழுந்திருந்தால் படம் அதைக் காட்டாமல் விட்டுவிடலாம்; வெளிப்புறக் கெட்டி எலும்பு பாதிக்கப்பட்டால்தான் நிழல் துலங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். முப்பரிமாணத் தாடையைத் தட்டையான ஒரே தளத்தில் நசுக்கிப் பார்ப்பதன் விலை இது. சரி, படம் காட்டியதையாவது எல்லாரும் ஒரே மாதிரி படிக்கிறார்களா? 1972இல் கோல்ட்மனும் அவருடைய சகாக்களும் வேர் சிகிச்சை முடிந்த 253 பற்களின் படங்களை ஆறு பேரிடம் கொடுத்துத் தீர்ப்புக் கேட்டார்கள். ஆறு பேரும் ஒத்துப்போனது பாதிக்கும் குறைவான படங்களில், 47 விழுக்காட்டில்தான். சிலருக்கு அதே படங்களைப் பிறகு ஒருமுறை காட்டியபோது அவர்கள் தங்கள் முந்தைய தீர்ப்போடேகூட முழுதும் ஒத்துப்போகவில்லை. படித்தவர்கள் பாமரரில்லை, இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்கள். கருதுவது எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த நெகிழ்வை "இது சொத்தை" என்ற உறுதியான குரலில் மூடிவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

எக்ஸ்ரேயே வீண் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பற்களின் இடுக்கை வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை. கடித்துப் பிடித்துக்கொண்டு எடுக்கும் இடுக்குப் படத்தை ஹோவர்ட் ரைலி ராப்பர் 1925இல் அறிமுகப்படுத்தியது இதற்காகத்தான். சிங்கப்பூருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசியாவில் குடிநீர் முழுவதிலும் ஃபுளோரைடு சேர்த்த முதல் நாடு இது. 1950களிலேயே தொடங்கிய ஏற்பாடு. எனாமல் உறுதிப்பட்டதால் சொத்தை குறைந்தது. கூடவே, மேலே ஓட்டை தெரியாமல் அடியில் டென்டின் மட்டும் சிதையும் மறைசொத்தைகளுக்கும் இதுவே ஒரு காரணமாகலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள். காரணம் எதுவாயினும், பார்க்க நல்ல பல்லாக இருந்து படத்தில் மட்டும் பிடிபடும் சொத்தைகள் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இந்த ஊரில் படம் படிப்பவர் கூடுதலாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும்; அதன் வரலாறும் இங்கேயே தொடங்குகிறது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல் மருத்துவத் துறை தொடங்கியது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் வேர் அதுதான். அங்கே பேராசிரியராக இருந்த எட்கர் கிங்ஸ்லி டிராட்மன், குகைகளைத் தோண்டும் தொல்லியல் ஆர்வலராகவும் பேர்பெற்றவர். மலாயாவில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் எனப் பலரின் பற்களும் ஒரே ஊரில் கைக்கு வந்து சேர்ந்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. மூன்று வேர்கள் கொண்ட கீழ்க்கடைவாய்ப் பற்கள் எந்த மக்களிடம் எந்த அளவில் உள்ளன என்று 1938இல் கட்டுரை எழுதினார். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பாடநூல்படி இரண்டு வேர். கிழக்காசிய மக்களிடம் நாக்குப் பக்கமாக மூன்றாவது சிறு வேர் ஒன்று அடிக்கடி இருக்கும். பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் சீனரில் ஐந்தில் ஒருவருக்கு மேலும் அது கண்டறியப்பட்டுள்ளது. இந்தியரிடமும் ஐரோப்பியரிடமும் குறைவு. நேராக எடுத்த படத்தில் இந்த மூன்றாவது வேர் பின்வேரின் மறைவில் ஒளிந்துகொள்ளும். விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிவது மட்டுமே குறிப்பு. குழாயைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் வேர்கள் பிரியும். 1910இல் கிளார்க் சொன்ன எளிய விதி இங்கே உதவும்: குழாய் போன திசையிலேயே நிழலும் நகர்ந்தால் அந்தப் பொருள் நாக்குப் பக்கம், எதிர்த்திசையில் நகர்ந்தால் கன்னப் பக்கம். மூன்றாவது வேரைக் காணாமல் செய்த வேர் சிகிச்சை பல மாதம் கழித்து வலியோடு திரும்பி வரலாம். அப்போது குறை சிகிச்சையில் தேடப்படும். உண்மையில் அது விவரிப்பில் நேர்ந்தது.

இதே மண்ணிலிருந்து உலகப் பாடநூல்களில் ஏறிய இன்னொரு பெயர் 'லியோங் முன்கடைவாய்ப்பல்'. 1946வாக்கில் மலாயாவில் லியோங் என்ற பல் மருத்துவர் கவனப்படுத்தியதால் வந்த பெயர். முன்கடைவாய்ப்பல்லின் மேடையில் ஒரு சிறு கூம்பு முளைத்திருக்கும். ஆசிய மக்களிடையே, குறிப்பாகச் சீன வழியினரிடம், அதிகம். கூம்புக்குள் பற்கூழின் இழை ஏறியிருப்பதும் உண்டு. எதிர்ப்பல் மோதி அது ஒடிந்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொத்தையே இல்லாத பல்லின் வேர்நுனியில் கறுப்பு நிழல் தெரியும்போது, இந்தக் கூம்பைத் தேடாதவர் காரணம் புரியாமல் நிற்பார். இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்த வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. திறந்த நுனியில் வேரை வளர்க்கும் மென்திசு இருக்கும் இடமும் படத்தில் ஓர் உருண்டைக் கறுப்பாகவே தெரியும். ஆக ஒரே கறுப்பு, ஒரு பிள்ளைக்கு வளர்ச்சி, இன்னொரு பிள்ளைக்குச் சீழ். வயதையும் பல்லின் மேற்பரப்பையும் சேர்த்துச் சொல்லாத விவரிப்பால் இரண்டையும் பிரிக்க முடியாது.

கிழக்காசியப் பெண்களிடமும் ஆப்பிரிக்க வழிப் பெண்களிடமும் நடுவயதில் கூடுதலாகக் காணப்படும் ஓர் எலும்பு மாற்றம் உண்டு. கீழ் முன்பற்களின் வேர்நுனிகளில் கறுப்பு வட்டங்கள் வரும். ஆண்டுகள் போகப்போக அவை வெளுத்து உறைந்துவிடும். வலி இராது. பல்லின் உயிர் குன்றாது. குளிர்ந்த பஞ்சை வைத்தால் மற்றப் பற்களைப் போலவே சிலிர்க்கும். தொடங்கும் கட்டத்தில் இது சீழ்க்கட்டியிலிருந்து படத்தில் பிரித்தறிய முடியாததாக இருக்கும்; படத்தை மட்டும் நம்பினால் நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துவிடும். ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும்: இனம் என்பது படத்தைப் படிக்கும் விடை ஆகாது. சீனர் என்றதும் மூன்று வேர் என்றோ, தமிழர் என்றதும் இரண்டு வேர் என்றோ முன்கூட்டியே எழுதிவிடுவது சோம்பல். இன்னொரு கோணத்தில் பார்க்கத் தூண்டுவதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். பழக்கங்களுக்கும் இது பொருந்தும். சிராங்கூன் சாலை ஓரத்தில் வெற்றிலை விற்கும் கடைகள் இன்றும் உண்டு. பல்லாண்டாகப் பாக்கு மெல்லும் வாயில் பல்மேடை தேய்ந்து, அதற்கு ஈடாக உள்ளே டென்டின் வளர்ந்து, பற்கூழின் அறை சுருங்கிப்போயிருக்கும்; படத்தில் அது கிட்டத்தட்ட மறைந்தே போகும். பாக்கினால் வாயின் உட்சதை நார்பிடித்து இறுகிவிட்டவர்களுக்கு வாயே திறக்காது. உள்ளே சென்சார் நுழையாததால், முகத்தைச் சுற்றிவந்து எடுக்கும் முழுத்தாடைப் படமே கதி. அதில் சிறு சொத்தைகள் துலங்குவதில்லை. "படத்தில் ஒன்றும் இல்லை" என்பதற்கும் "இந்த வகைப் படத்தில் தெரியாது" என்பதற்கும் இடையே உள்ள தூரம் இப்படிப்பட்டவர்களுக்கு மிகப் பெரிது.

விவரிப்பு பணத்தையும் தொடுகிறது. அறுவை சிகிச்சையோடு சேர்ந்த பல் வேலைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கலாம் என்பது இங்கே நெடுங்கால விதி. பல்லைச் சாதாரணமாகப் பிடுங்குவதற்கு நெடுங்காலம் அப்படி எடுக்க முடிந்ததில்லை. ஞானப்பல் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்ற வருணனை அங்கே கட்டணப் பட்டியலின் முதல் வரியாகிவிடுகிறது. 2012இல் தொடங்கிய சாஸ் என்ற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் மருந்தகம் சிகிச்சையைச் செய்துவிட்டு மானியத்தை அரசிடம் கோருகிறது. தவறாகக் கோரிய பல் மருந்தகங்கள் சிலவற்றைச் சுகாதார அமைச்சு திட்டத்திலிருந்து இடைநிறுத்தியதும் உண்டு. பெரும்பாலான மருத்துவர்கள் நேர்மையானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நேர்மையைக் காட்டிக்கொள்ளும் வழியும் இதுவேதான்: படத்தில் கண்டதைத் தனியே எழுதி வைத்தால், பின்னால் யார் வந்து பார்த்தாலும் அதே படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஞானப்பல் விஷயத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ரூடு, ஷெஹாப் என்ற இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வு, வேர் கீழ்த்தாடை நரம்பை நெருங்கியிருப்பதற்கு ஏழு அடையாளங்களைப் பேசுகிறது. நரம்புக் குழலைக் கடக்கும் இடத்தில் வேர் கறுத்திருப்பது, குழலின் வெள்ளைக் கோடு அறுபடுவது, குழல் வளைந்து விலகுவது என எல்லாமே கண்ணால் காண்பவை. உதடு மரத்துப்போகும் ஆபத்து எவ்வளவு என்ற மதிப்பீடு அந்தக் காட்சிகளுக்குப் பிறகே வருகிறது.

நீதிமன்றமும் ஒருமுறை ஏறக்குறைய இதே முடிச்சை அவிழ்க்க வேண்டி வந்தது. கணையத்தில் ஸ்கேன் காட்டிய இடங்களைக் கட்டியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதி அறுவை சிகிச்சை செய்ய, எடுத்த திசுவில் கட்டியே இல்லை என்று தெரிந்த வழக்கு அது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2017 மே மாதம் தீர்ப்பளித்தார்கள். நோயைக் கணிப்பது, நோயாளிக்கு அறிவுரை சொல்வது, சிகிச்சை செய்வது மூன்றும் வேறு வேறு. அறிவுரை விஷயத்தில் நோயாளிக்கு எது முக்கியம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு. வழக்கில் மருத்துவர்களே வென்றார்கள். கணிப்பு தவறாகிப் போவது வேறு, கவனக்குறைவு வேறு. அந்த அளவுகோல் மருத்துவர்களைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும் என்ற கவலை எழுந்து, சக மருத்துவர்களின் கருத்துக்கு மீண்டும் இடம் கொடுத்து 2020இல் சட்டம் திருத்தப்பட்டு 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நோயாளிக்குத் தேவையான தகவலைக் கொடுக்கும் கடமை அதிலும் கைவிடப்படவில்லை.

கண்டதையும் கருதுவதையும் இப்படிப் பிரித்துச் சொல்வதற்கு மருத்துவர்கள் சொல்லக்கூடிய முதல் தடை நேரம். பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவில் வரிசை நீளம். ஒவ்வொரு படத்துக்கும் பிரசங்கம் செய்ய முடியுமா? வேண்டாம். "மூன்று-ஆறில், பின்பக்கம், நிரப்பியதற்கு அடியில் கறுப்பு. பற்கூழை நெருங்குகிறது. சொத்தை என்று நினைக்கிறேன், குளிர்ச்சோதனை செய்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பேச அரை நிமிடம் போதும். இரண்டாவது தடை சற்றுக் கனமானது: சந்தேகத்தைச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், நம்பிக்கை போய்விடும், ஊர் முழுக்க இரண்டாம் கருத்துக் கேட்டு அலைவார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மறுமுனையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு மருந்தகத்தில் நான்கு சொத்தை என்றும் அடுத்ததில் ஒன்று என்றும் கேட்டவர், இருவரில் ஒருவர் பொய்யர் என்றே முடிவு கட்டுகிறார். நான்கு நிழல்களும் அங்கேயே இருந்தன, எனாமலோடு நின்ற மூன்றை ஒருவர் இப்போதே நிரப்பலாம் என்றார், மற்றவர் ஃபுளோரைடு பூசி ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் என்று யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால், இருவர் கண்டதும் ஒன்றே, தீர்மானம்தான் வேறு என்று அவருக்குப் புரிந்திருக்கும். நம்பிக்கையைக் கெடுப்பது விளக்கமில்லாத முரண்.

மூன்றாவது தடை மொழி. தமிழில் இதற்கெல்லாம் சொல் ஏது என்று தமிழரே கேட்கிறார்கள். கலைச்சொல் இல்லாமல் தவிக்கும் இடமாக இது எனக்குத் தோன்றவில்லை. கறுப்பு, வெளுப்பு, வேர்நுனி, விளிம்பு, கோடு அறுந்திருக்கிறது, நிழல் நகர்கிறது. காட்சியை வருணிக்க இவை போதும். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 'பூச்சிப்பல்' என்ற பழைய சொல்லையும் 'ரூட் கேனல்' என்ற புதிய சொல்லையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை எல்லாம் தாண்டிவிடுகிறோம். மூத்தவர்களுக்கு மொழிபெயர்க்கும் உதவியாளரும் கூடவரும் மகனும் மகளும் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களில் பல்வலியோடு வருகிறவருக்கு விடுப்பும் பணமும் இரண்டுமே அரிது. பல்லைக் காப்பாற்றுவதா பிடுங்குவதா என்று அவர் தீர்மானிக்க, படத்தில் என்ன இருந்தது என்பதைத் தமிழில் கேட்பது மற்ற எவரையும்விட அவருக்குத்தான் அவசியம்.

இதையெல்லாம் கணினியே செய்துவிடாதா என்பது புதுக்கேள்வி. ஓவர்ஜெட், பேர்ல் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் 2021, 2022 ஆண்டுகளில் அமெரிக்க ஒழுங்குமுறை அனுமதி பெற்றன. சொத்தை என்று கருதும் இடத்தைப் படத்தின் மேலேயே வண்ணத்தால் குறித்துக் காட்டுகின்றன. களைத்த கண் தவறவிட்டதை அவை பிடிக்கக்கூடும், அதை வரவேற்கிறேன். ஆனால் வண்ணம் ஏறிய படத்தில் கண்டதும் கருதுவதும் முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. சாம்பல் நிழலைப் பார்த்து "அது என்ன?" என்று கேட்கத் துணிந்தவர், சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் கேட்பதை விட்டுவிடுவார். மென்பொருளுக்குப் பல்லில் குளிர் வைத்துப் பார்க்கத் தெரியாது; நாக்குப் பக்கம் ஒளிந்த வேருக்காகக் குழாயை நகர்த்தவும் தெரியாது. அதனால் கட்டமிட்ட படத்தோடு கட்டமிடாத படத்தையும் நோயாளிக்குக் காட்டுவதே முறை.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் தேவைக்கு அதிகம். வாய்க்குள் எடுக்கும் ஒரு சிறு படத்தின் அளவு, இயற்கையாக ஒரு நாளில் நம்மேல் படுவதை ஒட்டியது அல்லது அதற்கும் குறைவு. முழுத்தாடைப் படம் சில நாள் கணக்கு. முப்பரிமாண ஸ்கேன் மட்டும் கருவியைப் பொறுத்துப் பலமடங்கு ஏறும்; அதற்குக் காரணம் கேட்பது நியாயம். ஈய மேலங்கி இனி வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024இல் சொல்லிவிட்டது. இங்கே எக்ஸ்ரே கருவிகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். அஞ்ச வேண்டியது, ஏற்கெனவே எடுத்த படம் கையில் இல்லாததால் அடுத்த மருந்தகத்தில் அதையே திரும்ப எடுப்பதைத்தான். பழைய படம் பக்கத்தில் இருந்தால் நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். எத்தனையோ சிகிச்சைத் தீர்மானங்கள் அந்த ஒரே கேள்வியில்தான் தொங்குகின்றன.

ஆகவே அடுத்த முறை மருத்துவர் திரையை உங்கள் பக்கம் திருப்பும்போது, "என்ன செய்யணும்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். "படத்துல என்ன தெரியுது டாக்டர்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வந்ததும், "அது வேற எதுவாவும் இருக்கலாமா?" என்று கேளுங்கள். சிகிச்சையைப் பற்றிய பேச்சு மூன்றாவதாக வரட்டும். புறப்படுமுன் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தரவைப் பார்க்க நீங்கள் கோரலாம். நியாயமான கட்டணம் கேட்டால் கொடுத்துவிடலாம். பல்லின் எண்ணையும் தேதியையும் குறித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.